காந்தல் எங்களுடைய சொல்

இந்த வருடம் வந்த மெட்டல் ஆல்பங்களில் பாதி குப்பை. பாப் ஆல்பங்களில் முக்கால்வாசி குப்பை. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்கு கிடார் பிடிக்கக்கூடத் தெரியாது. ஒரு ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். அறைக்குள் காலை வைத்ததும் கட்டிலுக்கு அடியில் துடைத்தார்களா, விரிப்பை மட்டும் இழுத்துவிட்டு ஓடிவிட்டார்களா என்று தெரிந்துவிடும். பாட்டும் அப்படித்தான். மேலே பளபளவென்று இருக்கும். அடியில் பார்த்தால் தூசி.

மெட்டல் எனக்கும் என் தங்கைக்கும் தெருவிலிருந்து வந்தது. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாடியில் பையன்கள் டிரம்ஸ் வைத்துப் பழகுவார்கள். கால்பந்து மைதானம் வரைக்கும் கேட்கும். ஏரியாவே அவர்களைத் திட்டியது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடியில் நின்று கேட்போம். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் அம்மாவுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? பையன்களைப் பார்க்கத்தான் நிற்கிறோம் என்று நினைத்து அடித்தாள். பையன்களின் முகம் எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை.

அப்புறம் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. ஒரு போன், ஒரு இயர்போன், இரண்டு பேர். இடது பக்கத்து ஒயர் எனக்கு, வலது பக்கத்து ஒயர் அவளுக்கு. படுக்கிற இடத்தில் நான் சுவர் ஓரம், அவள் எனக்கு வலப்பக்கம். அதனால் அப்படியே அமைந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை.

புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாகும். உலகம் முழுக்க இப்போது அதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கிற நாள். இரண்டும் சேர்ந்துகொண்டன. குளித்து, தலையைத் துண்டில் சுற்றி, சாம்பிராணிப் புகையில் முடியைக் காட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்போம். நடுவில் பேசக்கூடாது. முடிந்ததும் தீர்ப்பு. தீர்ப்பு பெரும்பாலும் நான்தான் சொல்வேன். ஈரம் இறங்கி எத்தனையோ இயர்போன்கள் செத்துப்போயின. அம்மா புகை போட்டுக்கொண்டே போன் பக்கம் காதைக் கொண்டுவருவாள். "இந்த ஆளுக்கு வயித்து வலியாடி? யாராச்சும் சுக்குத்தண்ணி வெச்சுக் குடுங்கடி" என்பாள். இன்றைக்கும் எந்த ஆள் அடித்தொண்டையில் உறுமினாலும் எனக்குச் சுக்கு வாசனை வரும்.

அம்மாவுக்குப் புரியக்கூடாது என்பதற்காக பேண்டுகளின் பெயரை நாங்கள் சொல்ல மாட்டோம். பெரும்பாலான பெயர்களில் சாவும் பேயும் இருக்கும். நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். எங்களுக்கு ரொம்பப் பிடித்த பேண்டு தாடிக்காரர்கள். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டு வருகிற பாப் பாடகி கண்ணாடிக்காரி. குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிற வீட்டில் பாடுகிற மாதிரி கிசுகிசுக்கிற ஒருத்தன் தொண்டைவலிக்காரன்.

ஆல்பங்களைப் பற்றிப் பேசவும் எங்களுக்கு என்று சொற்கள் இருந்தன. எல்லாம் அடுப்படியிலிருந்து எடுத்தவை. சத்தில்லாத பாட்டு வடிகஞ்சி. காலம் போன பிறகும் பழைய பெருமைக்காக வாசித்துக்கொண்டிருக்கிற பெரிசுகள் ஊசிப்போனவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொல் உண்டு. காந்தல்.

அம்மா சோறு வடிக்கிற அலுமினியக் குண்டானில் அடியில் பிடித்துக்கொள்ளும் அந்தப் பழுப்புப் பொருக்குக்கு நானும் தங்கையும் சண்டை போடுவோம். கரண்டியால் சுரண்டி எடுத்தால் கொஞ்சம்தான் வரும். கசப்பும் இருக்கும், ருசியும் இருக்கும். ஒருநாள் தாடிக்காரர்களின் ஒரு பாட்டில் பேஸ் கிடார் எல்லாவற்றுக்கும் அடியில் கருகின மாதிரி கரகரவென்று ஓடியது. நான், "காந்தல் மாதிரி இருக்குடி" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் ஒரு ஆல்பத்துக்குக் காந்தல் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. வருடத்தில் ஒன்றோ இரண்டோ ஆல்பத்துக்குத்தான் அது கிடைக்கும்.

தங்கை கல்யாணமாகி, ஊருக்கு வெளியே இருக்கிற அத்திபெலேவுக்குப் போனாள். மாப்பிள்ளை சேலத்துக்காரர், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. நல்ல மனிதர், பாட்டே கேட்க மாட்டார், அவரோடு எனக்குச் சண்டை இல்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் போனில் கூப்பிட்டு, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாட்டை அழுத்துவோம். ஒரு நொடி முன்னே பின்னே ஆகும். சேர்ந்து கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம். அதற்குள் அவள் காய்கறிக்காரனிடம் கன்னடத்தில் பேரம் பேசுவாள். நான் பொறுத்துக்கொண்டேன். பொறுமை எனக்கு வராத விஷயம். இருந்தும் பொறுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். மாப்பிள்ளையின் தங்கை. கல்யாணமாகவில்லை, கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அண்ணன் வீட்டிலேயே ஒரு அறையைப் பிடித்துக்கொண்டாள். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் வைத்திருந்தாள், வெள்ளை நிறத்தில். பாப் மட்டும் கேட்பாள். தங்கையின் பேச்சில் மெதுவாக அவள் வர ஆரம்பித்தாள். அவள் இதைக் கேட்கச் சொன்னாள், அவள் அதை நன்றாக இருக்கிறது என்றாள், அவள் சொல்லித்தான் கண்ணாடிக்காரியின் புது ஆல்பம் கேட்டேன் அக்கா, பரவாயில்லை. பரவாயில்லையாம். தாடிக்காரர்களைக் கேட்டு வளர்ந்த காது.

அந்த ஆல்பத்தை நானும் கேட்டேன். யார் வீட்டு நாத்தனார் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளத்தான். பாட்டுக்கு மேல் பாட்டு, எல்லாம் ஒரே வேகம், ஒரே புருஷன் விட்டுட்டுப் போன கதை. இரண்டு பாட்டு போதும் என்கிற இடத்தில் கூடை கூடையாகக் கொட்டியிருந்தாள். தொண்டைவலிக்காரனும் அந்த மாதமே ஒன்று வெளியிட்டான். அதில் மூச்சு விடுகிற சத்தத்துக்கே தனி டிராக் வைத்திருக்கிறான். மெட்டல்காரர்களும் யோக்கியம் இல்லை. ஒரு பேண்டு கிடார் வாசிக்கச் சோம்பல்பட்டு முழு ஆல்பத்தையும் கோரஸ் கூட்டமும் வயலினும் வைத்து மூடியிருந்தது. நாங்கள் அறையில் ரூம் ஃப்ரெஷ்னர் அடிக்கிற மாதிரி. வருடம் முழுக்க எனக்குப் பிடித்தது நம்ம ஊர்ப் பையன்கள் நாலு பாட்டு மட்டும் வைத்து வெளியிட்டது ஒன்றுதான். ரெக்கார்டிங் மோசம். ஆனால் கன்னடத்தில் கத்துகிறார்கள், கோபம் நிஜமாக இருக்கிறது.

ஒரு மதியம், ஓட்டலில் மூன்றாவது மாடியில் விரிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் வந்தது. அழுத்தினால் நாத்தனார் குரல். ஏதோ ஒரு பாப் பாட்டைப் பற்றி. "அக்கா, கடைசியில வர்ற பேஸ் கேளுங்க. அண்ணி பாஷையில சொல்லணும்னா, செம காந்தல்."

அந்த விரிப்பை நான் எப்படி மடித்தேன் என்று தெரியாது. கூட வேலை பார்க்கிற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அண்ணி பாஷையாம். அது அண்ணி பாஷை இல்லை. என் வாயிலிருந்து வந்த சொல். அதை எடுத்து ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். புடவை கொடுத்திருந்தால் கவலையில்லை. நகையைக் கொடுத்திருந்தால்கூட ஒரு வாரம் கத்திவிட்டு விட்டிருப்பேன். தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவகிட்ட எதுக்குடி சொன்ன?"

"எத?"

"காந்தல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்ய, அது என்னக்கா பேங்க் பாஸ்வேர்டா?"

"பாப் பாட்டுல எங்கடி காந்தல்? அதெல்லாம் நான்ஸ்டிக்ல செய்றது. அடியில ஒட்டவே ஒட்டாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பாட்டைக் கேட்டேன். கடைசியில் எல்லா சத்தமும் நின்றுபோய் பேஸ் மட்டும் தனியாக, கருகி, சுரண்டுகிற மாதிரி வந்தது. இருந்தது. அந்தச் சனியன் பிடித்த பாட்டில் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு செய்தி வந்தது. பல வருடங்களாகச் சத்தமே இல்லாமல் இருந்த தாடிக்காரர்கள் புது ஆல்பம் போடுகிறார்கள். கடைசியாக அவர்கள் போட்டது, அட்டையில் மலை போட்ட ஆல்பம், எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே கேட்பில் தள்ளிவிட்டேன். கிடார்காரன் நாலு அடி வாசித்துவிட்டு சும்மா நிற்பான், மறுபடி நாலு அடி, மறுபடி சும்மா. தூங்கிவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னேன். ஆனாலும் அவர்கள் எங்கள் பேண்டு. தங்கையிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: போனில் வேண்டாம். நீ ஆஸ்டின் டவுனுக்கு வா. தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்து கேட்போம். அதுவரை நீயும் கேட்கக்கூடாது, நானும் கேட்க மாட்டேன். சரி என்றாள். அவள் வந்தால் அவள் என் தங்கை. வராவிட்டால் அவள் அந்த வீட்டுப் பெண். இப்படித்தான் எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. லீவு போட்டேன். குளித்தேன். புது ஒயர் இயர்போன் வாங்கி வைத்திருந்தேன், இப்போதெல்லாம் அது கிடைப்பதே பேஜார். அம்மா சாம்பிராணியைப் பற்றவைத்தாள். அப்போது மெசேஜ்: அக்கா வர முடியாது, தண்ணி லாரி வருது, சம்ப் பக்கத்துல ஆள் நிக்கணும், இவளுக்கு ஆபீஸ் மீட்டிங், நீ வாயேன்.

தண்ணி லாரி என்பது இந்த ஊரில் மறுத்துப் பேச முடியாத காரணம். அதுதான் எனக்கு இன்னும் கோபம். பொய்யாக இருந்திருந்தால் திட்டியிருக்கலாம். அம்மா புகையோடு நின்றாள். "போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வாடி. இங்க நின்னு ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?" என்றாள். ஈரத் தலையோடு கிளம்பினேன்.

ஆடுகோடி வரை ஆட்டோ, அங்கிருந்து அத்திபெலே பஸ். பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், என் தலையைப் பார்த்து, ஏனம்மா மளேயா, வெளியில் மழையா என்று கன்னடத்தில் கேட்டார். சில்க் போர்டில் பஸ் நின்றது நின்றபடி நின்றது. பையில் போன், போனில் ஆல்பம், அழுத்தினால் ஓடும். அழுத்தவில்லை. பக்கத்துச் சீட்டுப் பெண் ரீல்ஸை சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதை மாற்றினாலும் கண்ணாடிக்காரியின் அதே பாட்டு, அதே இருபது நொடி. அந்தப் பெண்ணுக்கு அது அலுக்கவே இல்லை. சந்தாபுரம் வரும்போது எனக்கே மனப்பாடம்.

போய்ச் சேர்ந்தபோது லாரி போய்விட்டிருந்தது. வாசல் ஈரம். நாத்தனார் ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அந்த வெள்ளை ஹெட்போன். தங்கையும் தலைக்குக் குளித்திருந்தாள். எனக்காகக் குளித்தாளா, வெள்ளிக்கிழமை என்பதற்காகக் குளித்தாளா என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன்.

"கேட்டுட்டியா?"

"இல்லக்கா. சத்தியமா."

"இவங்க?"

நாத்தனார் எழுந்து நின்றாள். மரியாதையான பெண், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. "புதுச கேக்கலக்கா. அண்ணி திட்டுவாங்க. பழசு ஒண்ணு கேட்டேன். அந்த மலை போட்டது. அதுதாங்க்கா அவங்களோடதுலயே பெஸ்ட்."

"அது குப்பைம்மா" என்றேன். "கிடார்காரன் பாதி நேரம் சும்மா நிக்கிறான்."

"எங்கக்கா நிக்கிறாங்க? ரெண்டு கிடார் இருக்குல்ல. இந்தப் பக்கம் ஒருத்தர் கேள்வி கேக்கறாரு, அந்தப் பக்கம் இன்னொருத்தர் பதில் சொல்றாரு. சண்டை மாதிரி போகுமே."

கேள்வி இடது காதில். பதில் வலது காதில். மெட்டலில் கிடார்களை இரண்டு பக்கமும் பிரித்து வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. எனக்குப் பிடித்த ஆல்பங்களை அப்புறம் தனியாக இரண்டு காதிலும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் குப்பை என்று முடிவானதை யார் திரும்ப எடுத்துக் கேட்பார்கள்? தள்ளினது தள்ளினதுதான். நான் தள்ளிய எல்லாவற்றையும் பாதிதான் கேட்டுத் தள்ளியிருக்கிறேன். அந்த மறுபாதி முழுக்க தங்கை பக்கம் ஓடியிருக்கிறது.

தங்கையைப் பார்த்தேன். அவள் துண்டை அவிழ்த்து முடியை உதறிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே சொன்னேனே" என்றாள், ரொம்ப சாதாரணமாக. "நல்லாதான இருக்குன்னேன். நீதான் வாய மூடுன்ன."

நாத்தனார் ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். இதில் கேளுங்கள் அக்கா, எனக்கு மீட்டிங் இருக்கிறது என்றாள். வேண்டாம் என்றேன். அவள் அதை சோபாவிலேயே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு மேல் எனக்கு இருந்த எரிச்சலை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. நான் எத்தனையோ வெள்ளிக்கிழமை ஒற்றைக் காதில் கேட்டும் கண்டுபிடிக்காததை இவள் ஒரே தடவையில், ஆபீஸ் வேலைக்கு நடுவில், சோபாவில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள். அதைவிட, தங்கைக்கு அது முதலிலேயே தெரியும். அவளுடைய பாதி என்னிடம் இல்லை. நான் கேட்கவும் இல்லை. இந்தப் பெண் கேட்டிருப்பாள் போலிருக்கிறது.

தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். நான் இடது பக்கம், அவள் வலது பக்கம். ஒயரை எடுத்தேன். அவள் வேண்டுமானால் பக்கம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் காது என் காதுதான். புது ஆல்பத்தை அழுத்தினேன்.

நல்ல ஆல்பம். முதல் பாட்டிலேயே டிரம்ஸ்காரன் கைவேலையைக் காட்டுகிறேன் என்று அலட்டாமல் நேராக அடிக்கிறான். பாடுகிறவருக்கு வயதாகிவிட்டது, தொண்டை தளர்ந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. நடுவில் மெதுவாகப் போகிற ஒரு பாட்டு சுத்த வடிகஞ்சி, அதை எடுத்துவிட்டிருக்கலாம். அது முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. என் பக்கத்துக் கிடார் நாலு அடி வாசித்துவிட்டு நின்றுவிட்டது.

வெறும் டிரம்ஸ் மட்டும் ஓடியது. முன்பென்றால் இந்த இடத்தில் முகத்தைச் சுளித்திருப்பேன். தங்கையின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். தலை லேசாக ஆடியது. அவளுக்கு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்காத ஒன்று, என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறவளுக்கு. அவள் மேலேயே பொறாமையாக இருந்தது. நடுவில் பேசக்கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

"உன் பக்கம் என்னடி கேக்குது?" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கேட்டதை நம்பாத மாதிரி. "நிஜமா கேக்கறியா?"

"சொல்லுடி, போயிடப் போவுது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். மறுபடி காதை அழுத்திக் கேட்டாள். பிறகு ஒரு சொல் சொன்னாள். எங்கள் வீட்டு அடுப்படிச் சொல்தான். அம்மா ஒரு பாத்திரத்தை ஒரு விதமாக வைக்கிறபோது வருகிற ஒன்றைப் பற்றியது. எங்கள் வீட்டில் வளராத யாருக்கும் அது விளங்காது. கேட்டதும் அந்தக் கிடார் எனக்குத் தெரிந்துவிட்டது. என் காதில் ஒன்றும் ஓடாமலேயே தெரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒயர் கழன்று விழுந்தது.

சத்தம் கேட்டு நாத்தனார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மீட்டிங் முடிந்துவிட்டதோ என்னவோ.

"என்ன அண்ணி, என்ன சொன்னீங்க? எனக்கும் சொல்லுங்க."

தங்கை வாயைத் திறந்தாள். அவள் தொடையில் அழுத்திக் கிள்ளினேன். ஆ என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "அடுப்புல என்னமோ வெச்சிருக்காளாம், பாக்கச் சொன்னா."

நாத்தனார் அடுப்படியைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சின்னதாகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அதில் சந்தோஷமாக இருந்தது. தங்கை என்னை முறைத்தாள். பாவம்க்கா என்றாள். நான் விழுந்த ஒயரை எடுத்து அவள் காதில் மாட்டி, அந்தப் பாட்டை முதலிலிருந்து வைத்தேன்.

அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். காந்தல் போய்விட்டது. அந்த அறையில் ஒருத்தி வைத்திருக்கிறாள், இப்போது நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இது போகாது.